மாசசூசெட்ஸ்: வீட்டு டெபாசிட்டும் அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் – உறுப்பினர்களின் அனுபவங்கள்

வால்தமில் குடியிருந்த உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஆஷ்லாந்து லட்சுமி கோயிலில் சந்தித்த இளம் தம்பதியர், வீட்டைக் காலி செய்து இரண்டு மாதமாகியும் டெபாசிட் திரும்பவில்லை என்றும், அந்தப் பணத்தை இனி மறந்துவிடப் போவதாகவும் சொன்னார்கள். மறக்க வேண்டியதில்லை என்று அங்கேயே சொன்னேன். பிரசாத வரிசையில் நின்றபடி முழுவதையும் விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

2020 செப்டம்பரில் வால்தமில் மூன்றடுக்கு மர வீடு ஒன்றின் நடுத்தளத்தில் குடியேறினோம். முதல் மாத வாடகையுடன் டெபாசிட்டாக 2,400 டாலர் கொடுத்தோம். அந்தப் பணம் எந்த வங்கியில், எந்தக் கணக்கில் போடப்பட்டது என்பதை 30 நாட்களுக்குள் உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, அவரும் தெரிவிக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று சாவியை ஒப்படைத்தோம். அக்டோபர் 11 அன்று, அதாவது 41ஆம் நாள், 700 டாலருக்கு ஒரு காசோலையும் ஒரு தாளும் தபாலில் வந்தன. வண்ணம் பூச 900, தரைவிரிப்பைச் சுத்தம் செய்ய 450, சமையல் வாடையைப் போக்க 350 என்று அந்தத் தாளில் மூன்றே வரிகள் இருந்தன. ஒரு ரசீதுகூட இணைக்கப்படவில்லை. காசோலையின் கீழ் ஓரத்தில், கணக்கு முழுவதும் தீர்ந்தது என்ற பொருளில் பேனாவால் எழுதியிருந்தார். அதை வங்கியில் போட்டால் நாங்களும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படுமோ என்று அஞ்சி, அப்படியே எடுத்து வைத்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுப்புக்குப் பக்கத்து மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை இருந்தது. அது எங்கள் சமையலால் வந்ததுதான். எலுமிச்சம்பழத்தோலும் சமையல் சோடாவும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்குரிய செலவைக் கொடுக்கத் தயாராகவே இருந்தோம். ஆனால் அவர் அனுப்பிய பட்டியலில் அந்தக் கறை இல்லவே இல்லை, வாடைதான் இருந்தது. அந்த வரியைப் படித்த அன்று என் கணவர் இரவு சாப்பிடவில்லை.

அலுவலகத் தோழி ஒருவர்தான் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதச் சொன்னார். அட்வகேட் ஜெனரல் என்றால் ஆளுநரால் நியமிக்கப்பட்டு அரசுக்காக நீதிமன்றத்தில் வாதாடுபவர் என்றே தமிழ்நாட்டில் கேட்டு வளர்ந்த எனக்கு, இங்கே அட்டர்னி ஜெனரலை நான்காண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும், குடித்தனக்காரர் ஒருவர் அவருடைய அலுவலகத்துக்கு நேரடியாகப் புகார் எழுதலாம் என்பதும் புதிதாக இருந்தன. ஆண்ட்ரியா கேம்ப்பெல் அப்பதவிக்கு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஒப்பந்தம், காசோலை நகல், அந்தத் தாள், காலி செய்த நாளில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இணையப் படிவத்துடன் சேர்த்து அனுப்பினேன்.

பிறகு தொலைபேசியில் பேசிய பெண்மணி முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த அலுவலகம் உங்கள் வழக்கறிஞர் அல்ல, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்லாது, உரிமையாளருக்கு எழுதிச் சமரசத்துக்கு அழைக்கும், அவ்வளவுதான். எனக்கு மனம் சோர்ந்துபோனது. ஆனால் குடித்தனக்காரர், உரிமையாளர் ஆகிய இரு தரப்பின் உரிமைகளைப் பற்றி அந்த அலுவலகமே வெளியிட்டுள்ள கையேட்டைப் படிக்கச் சொன்னார். அன்றிரவு உட்கார்ந்து படித்தபோதுதான் எங்கள் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று புரிந்தது.

மாநிலப் பொதுச் சட்டங்களின் 186ஆம் அத்தியாயம், 15பி பிரிவின்படி, டெபாசிட் முதல் மாத வாடகையைத் தாண்டக் கூடாது. உரிமையாளருக்குக் கடன் கொடுத்தவர்கள் கைவைக்க முடியாதபடி மாநிலத்திலுள்ள வங்கியில் தனிக் கணக்கில் வட்டிக்குப் போடப்பட வேண்டும். காலி செய்த 30 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். புழங்குவதால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. உண்மையான சேதத்துக்குப் பிடிப்பதென்றால், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் கையெழுத்திட்ட விவரப் பட்டியலையும் செலவுக்கான ஆதாரங்களையும் அதே 30 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் பிடித்தம் செய்யும் உரிமையே போய்விடும், வழக்கில் மூன்று மடங்கு வரை கட்ட நேரும். அட்டர்னி ஜெனரல் வகுத்துள்ள விதிகள், இந்தச் சட்டத்தை மீறுவதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான 93ஏ அத்தியாயத்தின்கீழ் முறையற்ற வணிகச் செயலாகவும் ஆக்கியிருக்கின்றன. எனவே உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம் தரும் கோரிக்கைக் கடிதம் ஒன்றை, நாட்களையும் தொகையையும் மட்டும் குறிப்பிட்டு, கோபத்தைக் காட்டும் ஒரு சொல்லும் சேர்க்காமல், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நாங்கள் அழைத்தபோதெல்லாம் எடுக்காதவர், அலுவலகத்தின் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தில் தாமே அழைத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் 2,400 டாலரும், ஆண்டுக்கு 5 சதவீதக் கணக்கில் மூன்றாண்டு வட்டியாக 360 டாலரும் வந்தன. பழைய காசோலையைத் திருப்பி அனுப்பினோம். மூன்று மடங்கு கேட்டு வழக்குப் போடலாம் என்றார் கணவர். போதும் என்று தடுத்தவள் நான். இதே மனிதர் எத்தனை குடும்பங்களிடம் இப்படி நடந்துகொண்டிருப்பார் என்று நினைக்கும்போது, வழக்குக்குப் போயிருக்க வேண்டும் என்றே இப்போது தோன்றுகிறது. ஆனால் புகார் பதிவில் இருக்கிறது. மாநிலத்தின் பெயரில் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை 93ஏ அத்தியாயத்தின் 4ஆம் பிரிவு அட்டர்னி ஜெனரலுக்குத் தருகிறது. ஒரே பெயர்மீது பத்துப் பேர் எழுதினால்தான் அது ஒருவருடைய தனிச் சச்சரவு அல்ல என்பது அவர்களுக்குத் தெரியவரும். பணம் சிறிதாயினும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஃப்ரேமிங்ஹாம் உறுப்பினர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 2022இல் வீடு தேடியபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது. பிள்ளையின் வயதைக் கேட்ட முகவர், அந்த வீட்டில் ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு அகற்றப்படவில்லை என்றும், எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல என்றும் குறுஞ்செய்தி அனுப்பினார். அக்கறையாகச் சொல்கிறார் என்றெண்ணி நன்றிகூடத் தெரிவித்தேன். மூன்றாவது இடத்திலும் அதே பதில் வந்தபோதுதான் ஐயம் எழுந்தது.

இடையில் பார்த்த ஒரு பழைய வீட்டில், ஜன்னலை மேலே தூக்கியதும் அதன் விளிம்பில் திருநீறுபோல வெண்தூள் படிந்திருந்தது. மகள் அதில் விரலால் கோடு இழுத்தாள். 1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஜன்னல் சட்டங்கள் உராயும்போது ஈயத்தூள் இப்படித்தான் உதிரும் என்று பிறகு அறிந்து பதறிப்போனோம். ஆபத்து உண்மையானது. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை குடியிருக்கும் வீட்டில் அந்த ஆபத்தை நீக்குவது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது மாநிலச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளை உள்ள குடும்பத்தையே தவிர்ப்பது பாகுபாடு.

அட்டர்னி ஜெனரலின் குடிமை உரிமைகள் பிரிவுக்கு எழுதினேன். மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்திலும், 300 நாள் கெடுவுக்குள், முறையீடு பதிவு செய்தேன். விசாரித்தவர்கள் முதலில் கேட்டது, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான். மூன்று மறுப்புகளில் ஒன்றுக்குத்தான் குறுஞ்செய்தி இருந்தது. மற்ற இரண்டும் வாய்ப்பேச்சு. ஏழு மாதம் கழித்து, அந்தத் தரகு நிறுவனம் தன் முகவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஒப்புக்கொண்டது. எங்களுக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் மறுத்தால், அதையே உடனே ஒரு செய்தியாக எழுதி அவருக்கே அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்லும் வழக்கம் மட்டும் அன்றிலிருந்து என்னிடம் நிலைத்துவிட்டது.

க்வின்சி உறுப்பினர்:

2025 ஆகஸ்ட் 1 முதல், தரகரை அமர்த்தியவரே தரகுக் கட்டணம் தர வேண்டும் என்ற சட்டம் நடப்பில் உள்ளது. எங்களிடம், முன்பு தரகாக வாங்கிய அதே ஒரு மாத வாடகையை நிர்வாகக் கட்டணம் என்று பெயர் மாற்றிக் கேட்டார்கள். குடியேறும்போது முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, டெபாசிட், பூட்டு மாற்றும் செலவு ஆகியவற்றைத் தவிர உரிமையாளர் எதையும் கேட்க முடியாது என்று எழுதி அனுப்பியதும் விட்டுவிட்டார்கள். சகோதரியிடம் ஒரு கேள்வி: எங்கள் உரிமையாளர் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கிறார். நீங்கள் சொன்ன சட்டங்கள் அவருக்கும் பொருந்துமா?

வால்தமில் குடியிருந்த உறுப்பினர்:

டெபாசிட் சட்டம் அவருக்கும் பொருந்தும், ஐயா. ஆனால் தாம் குடியிருக்கும் சிறு வீட்டின் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விடுபவரை வணிகம் செய்பவராக நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுவதில்லை என்பதால், 93ஏ அவருக்குப் பொருந்தாமல் போகலாம். டெபாசிட் வாங்கியிருந்தால், குடியேறிய 10 நாட்களுக்குள் வீட்டின் நிலைமை அறிக்கையை அவர் தர வேண்டும். அதில் விடுபட்டவற்றைச் சேர்த்து 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுங்கள். அடுத்து வந்த வீட்டில் அடுப்பு மேடையில் ஏற்கெனவே இருந்த சூட்டுத் தழும்பைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அறிக்கையில் எழுதி, நான்காம் நாளே நேரில் கொடுத்து, நகலில் உரிமையாளரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.