டேலைட் சேவிங்கை ஒழித்தாயிற்று என்றார்களே, அப்புறம் ஏன் கடிகாரம் மாறியது?

புதுக்குடித்தனம்: அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான். இன்று ஞாயிறு ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் தாமதம். மேனேஜர் திட்டவில்லை, சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் இந்த டேலைட் சேவிங்கை, அதாவது கோடை நேரத்தை, எங்கள் மாநிலம் ஒழித்துச் சட்டம் போட்டுவிட்டதாக வாட்சப்பில் வந்ததே? நாளை எழுதி விளக்கம் தரவேண்டும். அந்தச் சட்டத்தைக் காட்டலாமா?

ஜெர்சி அக்கா: ஒரு மணி நேரத்துக்கே இப்படியா தம்பி? நான் வந்தது ஜனவரியில். சாதா ஷூவோடு பனியில் பஸ்ஸுக்கு நின்று கால் விறைத்துப்போனது. முதலில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

பீனிக்ஸ்காரன்: அரிசோனாவுக்கு வந்துவிடுங்கள். கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். ஊருக்கும் நமக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணி வித்தியாசம்தான்.

லாரி ஓட்டி: அதே அரிசோனாவில் நவாஹோ பழங்குடிப் பகுதிக்குள் போய்ப் பாருங்கள், அங்கே மாறும்.

கைக்குழந்தைக்காரி: குழந்தைக்கு எந்தச் சட்டமும் தெரியாது. வருடம் முழுக்கக் கோடை நேரமே இருந்துவிட்டால் என்ன?

ஜெர்சி அக்கா: 1974இல் அதைத்தான் செய்தார்கள். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போக, அந்த வருடமே கைவிட்டார்கள்.

பழைய குடி: எந்த மாநிலம் என்று அவர் சொல்லவே இல்லையே?

புதுக்குடித்தனம்: மன்னிக்கவும், டெக்சாஸ். டல்லாஸ் பக்கம்.

பழைய குடி: சட்டத்தைக் காட்டாதீர்கள். 2025இல் ஆளுநர் அபாட் கையெழுத்திட்டது நிஜம். ஆனால் அது கோடை நேரத்தை ஒழிக்கவில்லை, நிரந்தரமாக்குகிறது. அதுவும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அனுமதித்தால்தான். நாடு முழுமைக்குமான 1966 சட்டப்படி ஒரு மாநிலம் வருடம் முழுக்க வழக்கமான நேரத்தில் இருக்கலாம், ஹவாய் போல. வருடம் முழுக்கக் கோடை நேரம் கூடாது. புளோரிடா 2018இலேயே சட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. நிரந்தரக் கோடை நேரத்துக்கு 2022இல் மேலவையான செனட் ஒப்புக்கொண்டது, கீழவையில் நின்றுபோனது. சரி, போன் தானாக மாறியிருக்குமே?

புதுக்குடித்தனம்: அம்மாவிடம் பேச வசதியாக இந்திய நேரத்திலேயே வைத்திருக்கிறேன். பதினொன்றரை மணி கழித்துக்கொள்வேன்.

பழைய குடி: அதுதான் விஷயம். இன்றிலிருந்து பத்தரை. நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பதினொன்றரை. போனைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றிவிட்டு, உலகக் கடிகாரத்தில் சென்னையைச் சேருங்கள். கடிதத்தில் ‘நேரம் மாறியதைக் கவனிக்கவில்லை, இனி நடக்காது’ என்று இரண்டு வரி போதும். அடுப்புக் கடிகாரத்தையும் கார் கடிகாரத்தையும் கையால் மாற்றுங்கள்.

புதுக்குடித்தனம்: நன்றி அண்ணா. கார் கடிகாரத்தை எப்படி மாற்றுவது?

பழைய குடி: எந்தக் கார்?