யுஎஸ்பி டிஸ்க்கில் பதிவான டிவி நிகழ்ச்சிகள் வேறெங்கும் ஓடவில்லை: மெயின்போர்டு மாற்றும் முன் காப்பாற்ற வழி உண்டா?

மொட்டைமாடி ஆன்டெனா:

வணக்கம். டிவியின் உள் ட்யூனர் வழியாக இலவச சேனல்களை 1 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இப்போது டிவி அடிக்கடி தானாக அணைகிறது. மெயின்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. லினக்ஸில் ஃபைல்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றும் பல ஜிபி. ஆனால் விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்தால் படமும் இல்லை, ஒலியும் இல்லை. இலவச சேனலுக்கு எதற்குப் பூட்டு?

கட்டண சேனல்களுக்கு அதே டிவியில் சிஐ பிளஸ் மாட்யூல் (கட்டண சேனலைத் திறக்கும் செருகு அட்டை) போட்டிருக்கிறேன். அதில் ஒரு சினிமா சேனலின் பதிவு மட்டும் ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் ஓட மறுக்கிறது. மற்ற சேனல்களின் பதிவுகள் நன்றாக ஓடுகின்றன.

போர்டை மாற்றுவதற்கு முன் என்ன செய்யலாம்? எச்டிஎம்ஐ கேபிள் வழியாக, திரையில் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கேப்ச்சர் கார்டில் பிடிக்க முடியுமா?

பிட்ரேட்:

முதலில், விண்டோஸ் எத்தனை தடவை கேட்டாலும் ஃபார்மேட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க் கெடவில்லை. டிவிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான், அதனால் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் மாதிரியான ஃபைல் சிஸ்டத்தில் டிஸ்க்கைத் தயார் செய்திருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது, அவ்வளவுதான். இது பூட்டே இல்லை.

பூட்டு அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கிறது. பதிவாகும்போதே டிவி பெரும்பாலும் ஒவ்வொரு ஃபைலையும் ஏஇஎஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்துவிடுகிறது. டிஸ்க்கில் இருப்பது பூட்டிய ஃபைல் மட்டும். சாவி மெயின்போர்டில், பல டிவிகளில் பிராசசருக்குள்ளேயே வெளியிலிருந்து படிக்க முடியாத இடத்தில் இருக்கிறது. போர்டு போனால் சாவியும் போகும். அதே மாடலின் புது போர்டைப் போட்டாலும் அதன் சாவி வேறு. பழைய போர்டின் மெமரி சிப்பைக் கழற்றிப் புதியதில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டிவி கிளம்ப அது உதவலாம். பிராசசருக்குள் உள்ள சாவி அந்தச் சிப்போடு வராது.

உங்கள் ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் டிஸ்க்கை 'படிக்க மட்டும்' நிலையில் மவுன்ட் செய்து (இணைத்து), ஒரு ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறங்கள். டிஜிட்டல் டிவியின் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் (சுருக்கமாக டிஎஸ், படமும் ஒலியும் சேர்ந்து வரும் தரவு வரிசை) 188 பைட் பாக்கெட்டுகளாக வரும், ஒவ்வொன்றும் ஹெக்ஸில் 47 என்ற பைட்டோடு தொடங்கும். சில கருவிகள் முன்னால் 4 பைட் நேரக்குறியைச் சேர்ப்பதால் 192 பைட்டுக்கு ஒருமுறை வரலாம். இந்த ஒழுங்கு எங்குமே இல்லாமல் எண்கள் சிதறிக் கிடந்தால் ஃபைல் முழுவதும் குறியாக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

47 ஒழுங்காக வருகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் அந்த 47-ஐயும் சேர்த்து எண்ணி நான்காவது பைட்டைப் பாருங்கள். அதன் முதல் இரண்டு பிட்கள்தான் ஸ்கிராம்பிளிங் குறி, அதாவது சேனலே பாக்கெட்டைப் பூட்டி அனுப்பியதா என்று காட்டுவது. 17, 18, 19 என்று 1-இல் தொடங்கினால் பாக்கெட் திறந்திருக்கிறது. 97 போல 9-இல் தொடங்கினால் இரட்டைப்படைச் சாவி, டி7 போல டி-யில் தொடங்கினால் ஒற்றைப்படைச் சாவி. இரண்டில் எதுவானாலும் சேனல் அனுப்பிய பூட்டோடு அப்படியே பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு பாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வரிசையாக இருபது முப்பது பாருங்கள்.

நகல்_உரிமை:

அந்த ஒன்றரை மணி நேர விஷயத்துக்கு வருகிறேன். அது பழுதல்ல. சிஐ பிளஸில் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் பயன்பாட்டு உரிமைத் தகவல் மாட்யூலிலிருந்து டிவிக்குப் போகிறது. அதில் நகல் கட்டுப்பாட்டுக்கு 2 பிட். 00 என்றால் தடையில்லை. 10 என்றால் ஒரு தலைமுறை நகல் எடுக்கலாம். அப்படி எடுத்த நகலுக்கு 01, அதாவது இனி நகல் கூடாது. 11 என்றால் நகலே கூடாது. 11 வந்தால் டிவி அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திவிட்டுப் பிறகு தொடரும் வசதிக்காகக் கொஞ்ச நேரம் மட்டும் வைத்திருக்கலாம், அதற்கு இயல்பான வரம்பு 90 நிமிடம். உங்கள் சினிமா சேனல் 11 அனுப்புகிறது, மற்றவை அனுப்பவில்லை. டிவி அமைப்புகளில் எதை மாற்றினாலும் இது மாறாது.

இலவச சேனலுக்கு ஏன் பூட்டு என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. பல இடங்களில் சேனல் அப்படிக் கேட்பதே இல்லை. கட்டண சேனல்களுக்கான உரிம ஒப்பந்தப்படி டிவிக்காரர்கள் பதிவைப் பூட்டியே ஆக வேண்டும். சேனல் வாரியாகப் பிரிப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறார்கள். தடையில்லை என்று 00 வந்த நிகழ்ச்சியையும் பூட்டி வைப்பது பார்ப்பவருக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

சில நாடுகளில் இலவச ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானில் 2004 ஏப்ரலில் 'ஒரு முறை மட்டும் நகல்' விதி வந்தது. பதிவை டிவிடிக்கு மாற்றினால் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மூலம் அழிந்துவிடும். பாதியில் டிவிடி பழுதானால் இரண்டும் போச்சு. எதிர்ப்பு வலுத்து 2008 ஜூலை 4 முதல் 'டப்பிங் 10' வந்தது: 9 நகல் எடுக்கலாம், பத்தாவது தடவை மூலமே இடம் மாறும். அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2003-இல், பதிவுகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் 'ஒளிபரப்புக் கொடி' என்ற விதியைக் கொண்டுவந்தது, 2005 ஜூலையில் அமலாக இருந்தது. அதற்கு முன்பே, மே மாதத்தில், அந்த அதிகாரம் எஃப்சிசி-க்கு இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

எச்டிஎம்ஐ பற்றி: டிவியில் எச்டிஎம்ஐ இருப்பது உள்வாங்க மட்டும், அதனால் உள் ட்யூனர் பதிவுகளுக்கு அந்த வழியே கிடையாது. தனிப் பெட்டியாக இருந்தாலும் எச்டிசிபி (எச்டிஎம்ஐ கேபிளில் போகும் படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டு) இயங்கும்போது கேப்ச்சர் கார்டில் கருப்புத் திரைதான் வரும். எச்டிசிபி-யைக் கழற்றும் கருவிகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம், பல நாடுகளில் அது சட்ட மீறல்.

மொட்டைமாடி ஆன்டெனா:

இருவருக்கும் நன்றி. ஹெக்ஸ் எடிட்டரில் நான்கு ஃபைல்களைப் பார்த்தேன். மூன்றில் எந்த ஒழுங்கும் இல்லை. ஒன்றில் மட்டும் 192 பைட்டுக்கு ஒரு 47 வருகிறது, நான்காவது பைட் 1-இல் தொடங்குகிறது. அது எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனல். அப்படியானால் அது தப்பித்ததா? மற்ற மூன்றுக்கும் என்ன வழி?

பிட்ரேட்:

அந்த ஒன்று தப்பித்தது. வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, பெயரின் கடைசியில் எம்2டிஎஸ் (.m2ts) என்று மாற்றி விஎல்சி-யில் திறங்கள். டிவி ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தால் எண் வரிசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் டிஸ்க் எஃப்ஏடி32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபி-யைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது.

மற்ற மூன்றையும் போர்டு உயிரோடு இருக்கும்போதே அந்த டிவியிலேயே பார்த்து முடிப்பதுதான் வழி. மெனுவில் 'நகர்த்து' அல்லது 'ஏற்றுமதி' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பெரும்பாலும் அதே டிவியில் செருகிய இன்னொரு டிஸ்க்குக்கு மட்டும்தான் போகும். டிவி அணைவதை நிறுத்தலாம் என்று ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடாதீர்கள். சில டிவிகளில் அதோடு அந்த டிஸ்க்கை டிவி அடையாளம் வைத்திருந்த விவரம் அழிந்து, மறுபடி சேர்க்கும்போது ஃபார்மேட் ஆகிவிடும். இன்னொன்றையும் சோதியுங்கள்: தானாக அணைவதற்குப் பவர் போர்டில் உப்பிய கெப்பாசிட்டரும் காரணமாகலாம். அது மட்டும்தான் பழுது என்றால் மெயின்போர்டைத் தொடவே வேண்டாம், பதிவுகளும் பிழைக்கும்.

டிஎஸ்_பிரியை:

இனிமேல் எப்படி என்று யோசிப்பவர்களுக்கு. இலவச சேனல்களை டிவியில் பதிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரிலோ சின்ன லினக்ஸ் பெட்டியிலோ யுஎஸ்பி ட்யூனரைச் செருகி, டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருளில் பதிவு செய்தால் திறந்த டிஎஸ் ஃபைலாகவே கிடைக்கும். ட்யூனர் உங்கள் ஒளிபரப்பு முறைக்குப் பொருந்த வேண்டும். ஆன்டெனா ஒளிபரப்பின் பழைய முறையான டிவிபி-டி மட்டும் தெரிந்த ட்யூனரில், அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 சேனல் வராது. லினக்ஸில் டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இடக் கணக்கு எளிது: நொடிக்கு 10 மெகாபிட் வரும் எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருப்பது நல்லது. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் தரும், சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைத் தாண்டினால் பதிவு நடுவில் அறுந்துபோகும்.

பதிவை மறு என்கோடிங் செய்யாமல் (படத்தை மறுபடி சுருக்காமல்) எம்கேவி வகை ஃபைலுக்குள் மாற்றி வையுங்கள், தரம் குறையாது. எம்பி4 வேண்டாம். படமாக வரும் டிவிபி சப்டைட்டில் அதில் நிற்காது. மாற்றும்போது 'எல்லா ஓடைகளும்' (படம், ஒவ்வொரு மொழி ஒலி, சப்டைட்டில்) என்று தேர்ந்தெடுக்க மறந்தால் இரண்டாவது மொழி ஒலி காணாமல் போகும். முடிவைச் சரிபார்க்கும் வரை மூல டிஎஸ்-ஐ அழிக்காதீர்கள். சிக்னல் தடுமாறிய இடத்தில் படமும் ஒலியும் விலகினால் மூலத்திலிருந்துதான் சரிசெய்ய முடியும்.

கட்டண சேனலுக்கு இந்த வழி பொருந்தாது. அதைச் சேவைக்காரர் தரும் பெட்டியில் பதிவு செய்து, சந்தா இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். சந்தா நின்றதும் பழைய பதிவையும் திறக்க மறுக்கும் பெட்டிகள் உண்டு.