ஆத்துத் தண்ணி பச்சையாகுது, விடியக்காலைல மீன் செத்து மிதக்குது, வயல் உரம்தான் காரணமா?

ஆத்தங்கரை விவசாயி:
வணக்கம். வயல்களுக்கு நடுவுல ஓடுற சின்ன ஆறு. மழை விட்டு ஓட்டம் கொறஞ்சதும் மேல பச்சை பெயிண்ட் ஊத்துன மாதிரி ஆயிடுது, அப்புறம் ஒருநாள் விடியக்காலைல போய் பாத்தா மீனெல்லாம் செத்து ஒதுங்கிக் கெடக்கு. மேல ஃபேக்டரி எதுவும் கிடையாது, சுத்தி விவசாயம் மட்டும்தான். யாரோ பூச்சிமருந்து கலந்துட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க, யூரியாதான்னு சிலர் சொல்றாங்க. நானும் உரம் போடுறவன்தான், இதுல என் பங்கு இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும். இன்னொண்ணு, கரையோரக் கிணத்துத் தண்ணிய காய்ச்சிக் குடிச்சா போதுமா?

மீன்வளம் படிச்சவன்:
விடியக்காலைலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியமான துப்பு. பாசி பகல்ல வெயில்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் மூச்சு விடணும்ல, அப்ப தண்ணில இருக்கற ஆக்சிஜனைத்தான் எடுக்கும், அதனால சூரியன் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரொம்ப கம்மியா இருக்கும். செத்த பாசிய பாக்டீரியா மக்க வைக்கும்போது இன்னும் கொறையும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ போனா முக்காவாசி மீன் தாங்காது. தண்ணில ஆக்சிஜன் அளக்குற மீட்டர் கிடைச்சா காலைல அஞ்சு மணிக்கு ஒருதடவை, மத்தியானம் மூணு மணிக்கு ஒருதடவை அளந்து பாருங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா பாசிதான் காரணம்னு நெனைக்கலாம். பட்டப்பகல்ல மீனோட தண்ணிப்பூச்சியும் சேந்து சாகுதுன்னா அப்ப மருந்தைச் சந்தேகப்படுங்க.

மண்வெட்டி:
எல்லாரும் யூரியாவையே திட்டுறாங்க, ஆனா பச்சையாகுறதுக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் காரணமா இருக்கும், அதாவது பாஸ்பரஸ் இருக்கற டிஏபி உரம், அப்புறம் எரு. 1973ல கனடால ஒரு ஏரிய நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் போட்டாங்க, இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேத்துப் போட்டாங்க, பாஸ்பரஸ் போட்ட பக்கம்தான் பச்சையாச்சு. ரெண்டும் போற வழியே வேற. யூரியா மண்ணுல நைட்ரேட்டா மாறிடும், மண்ணு அதைப் பிடிச்சு வைக்காது, தண்ணியோட கீழ இறங்கி நேரா கிணத்துக்குப் போயிடும். பாஸ்பரஸ் மண்ணோட ஒட்டிக்கும், அடிச்சுப் பேயுற மழைல மேல்மண்ணு அரிச்சுப் போகும்போது அதோடயே ஆத்துக்குப் போகும். கலங்கலா ஓடுற வாய்க்கால் தண்ணியப் பாருங்க, போறது உங்க டிஏபிதான். வீட்டுச் சாக்கடையும் மாட்டுக் கொட்டகை கழிவும் ஆத்துல கலக்குதான்னும் பாத்துடுங்க, பழிய வயல் மேல மட்டும் போட்டா பாதிதான் சரியாகும்.

தண்ணி லேப்:
கிணறு பத்தி யாரும் சொல்லலயே. தயவுசெஞ்சு காய்ச்சிட்டா போதும்னு இருந்துடாதீங்க. காய்ச்சினா கிருமி சாகும், நைட்ரேட் போகாது, தண்ணி ஆவியாகுறதால இன்னும் செறிவாத்தான் ஆகும். நைட்ரேட் அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ரிப்போர்ட்ல 'நைட்ரேட் நைட்ரஜன்'னு, அதாவது நைட்ரேட்ல இருக்கற நைட்ரஜனை மட்டும் கணக்குப் பண்ணிப் போட்டிருந்தா அதே அளவு 11ன்னு வரும், இதுல குழம்புறவங்க நெறைய பேர். டெஸ்ட் பண்ற வரைக்கும் கைக்குழந்தைக்கு பால்பவுடர் கலக்க அந்தத் தண்ணி வேண்டவே வேண்டாம், நைட்ரேட் ஜாஸ்தியா இருந்தா ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாம குழந்தை நீலமாயிடும், உயிருக்கே ஆபத்து. பச்சை படிஞ்ச ஆத்துத் தண்ணிய மாட்டுக்கும் காட்டாதீங்க, நீலப்பச்சைப் பாசில சிலது விஷம் விடும்.

ஆத்தங்கரை விவசாயி:
ரொம்ப நன்றிங்க. கிணத்துத் தண்ணிய இந்த வாரமே லேபுக்குக் குடுத்துடறேன். மண்ணைப் பரிசோதிக்காமயே வருஷா வருஷம் அடியுரமா டிஏபி போட்டுட்டு இருக்கேன், இப்ப யோசிச்சா மனசு கஷ்டமா இருக்கு. நிறுத்துனா ஆறு உடனே தெளிஞ்சிடுமா?

மண்வெட்டி:
உடனே தெளியாதுங்க. அடில படிஞ்ச சேத்துல பழைய பாஸ்பரஸ் கெடக்கும், அடில ஆக்சிஜன் இல்லாமப் போனா அது திரும்ப தண்ணிக்கு வரும், வருஷக்கணக்குல ஆகலாம். அதுக்காக விட்டுடாதீங்க. மொதல்ல மண் டெஸ்ட், பாஸ்பரஸ் ஏற்கனவே ஜாஸ்தின்னு வந்தா அந்தப் போகத்துக்கு டிஏபி எதுக்கு? யூரியாவ ஒரேயடியாக் கொட்டாம பயிர் கேக்கற நேரத்துல பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க, மறுநாள் பெருமழைன்னா போடவே போடாதீங்க, மேலுரம் போட்ட கையோட வடிமடையத் திறந்து விடாதீங்க. ஆத்தோரம் அஞ்சாறு மீட்டராவது உழாம புல்லும் மரமுமா விட்டா அரிச்சு வர்ற மண்ணு அங்கயே தங்கிடும். பக்கத்து வயல்காரங்களையும் கூட்டிக்கங்க, உங்க ஒருத்தர் கரை மட்டும் புல்லா இருந்தா தண்ணி அடுத்த வயல் வழியா இறங்கிடும்.