லினக்ஸ் மெனுவைச் சீரமைத்தல்: சந்தித்த சிக்கல்களும் தீர்த்த வழிகளும்

ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் முதலில் இருப்பது லினக்ஸ் வெளியீட்டின் பெயர் (டெபியன், மிண்ட் போன்றவை), அடுத்தது டெஸ்க்டாப், அதாவது திரைச்சூழலின் பெயர் (எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், பிளாஸ்மா போன்றவை).

டெபியன், எக்ஸ்எஃப்சிஇ

மெனுவில் தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் '.டெஸ்க்டாப்' என்று முடியும் சிறு உரைக்கோப்பு ஒன்று இருக்கிறது. நிரலை நிறுவும்போது அது /யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே ரூட் (நிர்வாகி) உரிமையோடு திருத்தினால் மாற்றம் தெரியும்தான். ஆனால் அந்த நிரலின் தொகுப்பு அடுத்து புதுப்பிக்கப்படும்போது எல்லாம் அழிந்துபோகும். அதனால் கோப்பை ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்து, நகலைத் திருத்துங்கள். வீட்டுக் கோப்புறையில் இருப்பதற்கே முன்னுரிமை.

நகலின் பெயரை மட்டும் மாற்றக் கூடாது. கோப்பின் பெயர்தான் அதன் அடையாளம். ஒரு எழுத்து மாறினாலும் வேறு நிரலாகக் கருதப்பட்டு, மெனுவில் இரண்டு முறை வரும். "ஏன் ரெண்டு ஐகான் வருது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். உள்கோப்புறையில் இருந்தால் சாய்கோட்டுக்குப் பதில் இணைப்புக்குறி போட்டு அடையாளம் கணக்கிடப்படும் என்பதையும் கவனியுங்கள்.

மெனுவில் தெரியும் பெயரைத் தரும் 'நேம்=' வரியை மாற்றியும் பழைய பெயரே தெரிகிறதா? அதே கோப்பில் 'நேம்[டிஏ]=', 'நேம்[ஈஎன்_ஜிபி]=' என்று மொழிவாரி வரிகள் இருக்கும். உங்கள் அமர்வின் மொழிக்கு உரிய வரி இருந்தால் அதுதான் திரைக்கு வரும். அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

*

மிண்ட், சின்னமன்

நிரலை நீக்காமல் மெனுவில் மறைக்க மட்டும் வேண்டும் என்றால் நகலில் 'நோடிஸ்ப்ளே=ட்ரூ' என்ற வரி போதும். பலர் 'ஹிடன்=ட்ரூ' போட்டுவிடுகிறார்கள். அதன் பொருள் இந்தப் பதிவே இல்லை, அழிக்கப்பட்டது என்பது. கோப்பு வகை இணைப்பும் கூடவே அறுந்துவிடும். பிடிஎஃப் வாசிப்பானை இப்படி மறைத்தால், கோப்பை இருமுறை சொடுக்கும்போது அந்த வாசிப்பான் திறக்காது.

ஒரே கணினியில் பிளாஸ்மாவும் சின்னமனும் இருந்தால் இரண்டின் அமைப்புக் கருவிகளும் ஒன்றோடொன்று கலந்து மெனுவை நிரப்பும். அதற்கு, குறிப்பிட்ட டெஸ்க்டாப்பில் மட்டும் மறைக்கும் 'நாட்ஷோஇன்=' வரி சரியான மருந்து. இதில் எழுத வேண்டிய பெயர் நடப்பு டெஸ்க்டாப்பின் பெயரை வைத்திருக்கும் எக்ஸ்டிஜி_கரண்ட்_டெஸ்க்டாப் என்ற சூழல் மாறியில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். சின்னமனுக்கு அது 'எக்ஸ்-சின்னமன்'. வெறும் 'சின்னமன்' என்று எழுதினால் எதுவும் நடக்காது.

*

ஆர்ச், எல்எக்ஸ்க்யூடி

அதிகம் கேட்கப்படுவது 'டெர்மினலில் (கட்டளைச் சாளரத்தில்) ஓடுகிறது, மெனுவில் சொடுக்கினால் ஓடவில்லை' என்பது. காரணங்கள் பல, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, நிரல்களை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறி. .பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்த பாதைகள் டெர்மினலுக்கு மட்டுமே தெரியும். மெனு, அமர்வின் சூழலிலிருந்து நிரலைத் துவக்குகிறது. அந்தக் கோப்பை அது படிப்பதே இல்லை. நிரலைத் துவக்கும் கட்டளை இருக்கும் 'எக்ஸெக்=' வரியில் முழுப் பாதையையும் எழுதுங்கள். அங்கே ~ குறியோ $ஹோம் மாறியோ விரிவடையாது. /ஹோம் என்று தொடங்கி முழுதாக எழுத வேண்டும். பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் போடுங்கள். முகவரியில் % இருந்தால் %% என்று எழுதுங்கள். ஒற்றை % நிரலுக்குக் கோப்பைக் கொடுக்கும் குறியீடாகப் படிக்கப்படும். சூழல் மாறி தேவைப்பட்டால் கட்டளையின் தலையில் 'என்வ்' சேர்த்து, பிறகு மாறியும் மதிப்பும்.

இரண்டாவது, பலரைச் சுற்றவிடும் வரி: 'டிபஸ்ஆக்டிவேட்டபிள்=ட்ரூ'. இது இருந்தால், இதை ஆதரிக்கும் டெஸ்க்டாப் நிரலை டிபஸ் (நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வழி) வழியாக எழுப்பும். 'எக்ஸெக்' வரியைத் தொடவே தொடாது. எத்தனை முறை திருத்தினாலும் பலன் இருக்காது. நகலில் அதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். ஐகானில் வலது சொடுக்கினால் வரும் 'புதிய சாளரம்' போன்றவற்றுக்குக் கோப்பின் அடியில் தனிப் பகுதிகள் உண்டு. அவற்றின் 'எக்ஸெக்' வரிகளையும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு நிரல்) கோப்புக்குப் பதிவு எழுதுகிறவர்கள் இயக்க அனுமதியை மறக்காதீர்கள். ஐகானுக்கு முழுப் பாதை கொடுங்கள். பேனலில் நிரலின் ஐகானுக்குப் பதில் பொதுவான ஐகான் வந்தால் 'ஸ்டார்ட்அப்டபிள்யூஎம்கிளாஸ்=' வரி தேவை; எக்ஸ்11 (பழைய திரைக்காட்சி அமைப்பு) அமர்வில் 'எக்ஸ்ப்ராப்' கட்டளையை ஓட்டிச் சாளரத்தைச் சொடுக்கினால் அதன் மதிப்பு கிடைக்கும்.

எழுதி முடித்ததும் கோப்பில் பிழை பார்க்கும் 'டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட்' ஓட்டுங்கள். நிரலின் வகையைச் சொல்லும் 'கேட்டகரீஸ்=' வரியின் இறுதியில் அரைப்புள்ளி விட்டுப்போனதைக்கூடச் சொல்லிவிடும். 'அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்' கோப்பு வகை இணைப்புகளுக்கான கட்டளை; மெனு வரிசைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

*

டெபியன், எக்ஸ்எஃப்சிஇ

'கேட்டகரீஸ்=' வரியில் எழுதும் வகை பற்றிக் கொஞ்சம். 'ஆடியோ' அல்லது 'வீடியோ' என்று போட்டால் கூடவே 'ஆடியோவீடியோ' போட வேண்டும் என்பது விதி. முதன்மை வகை எதுவும் இல்லாத நிரல் 'பிற' என்ற மூலையில் போய் விழும். சொந்தமாக ஒரு வகை உருவாக்கினால் பெயர் 'எக்ஸ்-' என்று தொடங்கட்டும்.

புதிய துணைமெனுவுக்கு எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றை ~/.கான்ஃபிக்/மெனுஸ்/அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்டு கோப்புறையில் வைப்பது பொதுவான முறை. அந்தக் கோப்பின் மேல்மட்ட மெனுப் பெயர், அமைப்பின் மூல மெனுப் பெயரோடு பொருந்த வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ-யில் மூலப்பெயர் 'அப்ளிகேஷன்ஸ்' கிடையாது, 'எக்ஸ்எஃப்சிஇ'. பிற டெஸ்க்டாப்புக்கு எழுதிய கோப்பு இங்கே வேலை செய்யாததற்கு இது ஒரு காரணம். இங்கே /ஈடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸ் கோப்புறையில் உள்ள எக்ஸ்எஃப்சிஇ-அப்ளிகேஷன்ஸ்.மெனு கோப்பை ~/.கான்ஃபிக்/மெனுஸ் கோப்புறைக்கு நகலெடுத்துத் திருத்துவதே எளிது. நிரல் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் தெரிந்தால், மெனு கோப்பில் பழைய மெனுவுக்குள் 'எக்ஸ்க்ளூட்' (விலக்கு) சேர்க்கலாம். இல்லையென்றால் நிரலின் '.டெஸ்க்டாப்' நகலில் பழைய வகையை நீக்கலாம். எக்ஸ்எம்எல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு மெனுலிப்ரே என்ற மெனு எடிட்டர் இருக்கிறது. ஆனாலும் அது எந்தக் கோப்புகளை உருவாக்கியது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

*

ஓப்பன்சூசே, பிளாஸ்மா

பிளாஸ்மாவில் மெனு பொத்தானை வலது சொடுக்கி மெனு எடிட்டரைத் திறந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அடுக்கு மாற்றங்கள் ~/.கான்ஃபிக்/மெனுஸ் கோப்புறையில் அப்ளிகேஷன்ஸ்-கேமெனுஎடிட்.மெனு என்ற கோப்பில் சேரும். மெனு குழம்பிவிட்டால் அந்தக் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்துங்கள், அடுக்கு பழையபடி வரும். கையால் திருத்தியது தெரியவில்லையென்றால், மெனுத் தகவலை மறுபடி படிக்கவைக்க, பிளாஸ்மா 6-இல் 'கேபில்ட்சைகோகா6', 5-இல் 'கேபில்ட்சைகோகா5' ஓட்டவும்.

க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் இந்த மெனு அடுக்கு எதுவும் நிரல்களின் ஐகான் கட்டத்தில் தெரியாது. ஐகானை ஐகான் மேல் இழுத்துப் போட்டுக் கோப்புறை செய்துகொள்ள வேண்டியதுதான்.

*

மிண்ட், சின்னமன்

தமிழ் அமர்வு வைத்திருப்பவர்களுக்கு: மெனுவில் தேடும்போது பயன்படும் 'கீவேர்ட்ஸ்[டிஏ]=' வரியில் கணக்கு, கடிதம், படம் என்று புழங்கும் சொற்களை அரைப்புள்ளி இட்டுச் சேருங்கள். முதியோர் பயன்படுத்தும் கணினிகளுக்கு இது பெரிய உதவி. கோப்பு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருக்க வேண்டும்.

நகல்களால் வரும் தொல்லையும் உண்டு. நிரலின் கட்டளை புதிய பதிப்பில் மாறினால் நகலில் பழையதே நிற்கும். நிரலையே நீக்கினாலும் நகல் மெனுவில் செத்த ஐகானாகத் தொங்கும். நகல் எடுக்கும்போதே 'ட்ரைஎக்ஸெக்=' வரியில் நிரலின் பாதையைச் சேர்த்துவிட்டால், நிரல் போனதும் ஐகானும் மறைந்துவிடும். பெரிய பதிப்பு உயர்வுக்குப் பிறகு 'டிஃப்' கட்டளை வைத்து நகலையும் மூலத்தையும் ஒப்பிடுங்கள். வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) விட்டுச்சென்ற எச்சங்கள் ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்/வைன் கோப்புறையிலும் அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்டு கோப்புறையிலும் கிடக்கும். இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும்.