அடிமைமுறை இலாபம் தந்ததா: கட்டுரையை எப்படி எழுதுவது?

முதுகலை மாணவி:

வணக்கம். இளங்கலையில் பொருளியல் படித்துவிட்டு, இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் அமெரிக்கப் பொருளாதார, சமூக வரலாறு என்ற தாளை எடுத்திருக்கிறேன். உள்நாட்டுப் போருக்கு முன் தென் மாநிலங்களில் அடிமைமுறை இலாபகரமாக இருந்ததா என்பது முதல் கட்டுரைக்குத் தரப்பட்ட தலைப்பு. வாசிக்கச் சொன்னவற்றில் ஒரு பகுதி, ஒரு மனிதரை வாங்கிய விலை, அவர் உழைக்கக்கூடிய ஆண்டுகள், பருத்தியின் விலை, வட்டி விகிதம் என்று கணக்குப் போடுகிறது. மற்றொரு பகுதி, பிரிக்கப்பட்ட குடும்பங்களையும் தண்டனைகளையும் வழிபாட்டையும் பற்றிப் பேசுகிறது. கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அதை என் கையால் எழுதும்போது, அக்கொடுமைக்கு நானும் வரவு செலவு பார்ப்பதுபோல் கூசுகிறது. இரண்டு பகுதிகளையும் ஒரே கட்டுரையில் கொண்டுவர இயலுமா, அல்லது ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டுமா?

பொருளாதார வரலாறு கற்பிப்பவர்:

உங்கள் கூச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கு ஏன் போடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் சற்றுக் குறையும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அடிமைமுறை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது, போர் நடந்திராவிட்டாலும் தானாகவே மறைந்திருக்கும் என்ற கருத்து வரலாற்றாசிரியர்களிடையே செல்வாக்குடன் இருந்தது. 1958-இல் ஆல்ஃபிரெட் கான்ராட், ஜான் மேயர் என்ற இரு பொருளியலர்கள் நீங்கள் குறிப்பிடும் அதே கணக்கைப் போட்டு, அடிமைகளில் இட்ட முதலீடு அக்காலத்தின் பிற முதலீடுகளுக்கு இணையான வருவாயைத் தந்தது என்று காட்டினார்கள். இலாபம் தந்த ஒன்றை உரிமையாளர்கள் தாமாகக் கைவிட்டிருப்பார்கள் என்று அதன்பின் எளிதில் வாதிட முடியவில்லை. ஆகவே அந்த எண் அடிமைமுறைக்கு ஆதரவாக நிற்கவில்லை; அது தானாக ஒழிந்திருக்கும் என்ற ஆறுதலைத்தான் உடைத்தது.

எண் வழிதவறும் இடமும் உண்டு. பொருளியலர்களான ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் அடிமைமுறை பற்றி 1974-இல் வெளியிட்ட நூலில், லூசியானாவின் பருத்தித் தோட்ட உரிமையாளர் பென்னட் பாரோவின் நாட்குறிப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 160 சவுக்கடித் தண்டனைகள் பதிவாகியிருந்தன. உழைப்பாளர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 தண்டனை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் அதே 160-ஐ எடுத்து, நாட்களால் வகுத்துக் காட்டினார்: அத்தோட்டத்தில் நாலரை நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அடிபட்டார். இரண்டு வகுத்தலும் ஒரே பதிவிலிருந்து வந்தவைதாம். ஆனால் தண்டனை அடிபட்டவருக்கு மட்டுமன்றி, அதைப் பார்த்தவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பதை முதல் வகுத்தல் மறைத்துவிடுகிறது. ஃபோகலுக்கு 1993-இல் டக்ளஸ் நார்த்துடன் நோபல் பரிசு கிடைத்தது. கட்மனின் விமர்சனத்துக்கு அதனால் வலுக் குறைந்துவிடவில்லை. கட்டுரையின் நடுப்பகுதியை இந்த ஒரு நாட்குறிப்பைச் சுற்றியே அமைக்கலாம்.

ஆவண ஆய்வாளர்:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் பொருளியல் ஒரு பக்கம், சமூகம் மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டு, பிறகு எப்படிச் சேர்ப்பது என்று கேட்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். லூசியானாவின் சட்டம் அடிமைகளை அசையாச் சொத்தைப் போல நடத்தியதால், நிலத்தை விற்பதுபோலவே மனிதரை விற்பதும் நோட்டரியின் முன் பத்திரமாக எழுதப்பட்டது. விற்கப்பட்டவரின் பெயர், வயது, பால், விலை, சில வேளைகளில் அவருடைய திறன் அல்லது நோய், தாயுடன் விற்கப்பட்ட குழந்தை என எல்லாம் ஒரே தாளில் இருக்கும். உங்கள் பொருளியல் கட்டுரைகளின் விலைத் தொடர்களில், அதாவது ஆண்டுவாரியான விலைப் பட்டியல்களில், முக்கியமானவை அந்தத் தாள்களிலிருந்து வந்தவை. 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்ட பிறகு, வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூசியானாவின் புதிய பருத்தி நிலங்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். அவர்களில் பலர் விற்பனை மூலமாகவே போனார்கள். குடும்பத்தைப் பிரித்த அந்த விற்பனையும், விலைப் பட்டியலில் ஒரு வரியாக நிற்பதும் ஒரே நிகழ்வு.

இதற்கு மாறாக, 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமை அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள். இணையத்தில் கிடைக்கிறது. உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, பால், நிறம் என வரிசைகள் இருக்கும். விற்கப்படக்கூடிய அந்த மனிதர்களின் பெயர்கள் அநேகமாக எங்கும் இரா. ஏறத்தாழ 40 லட்சம் பேர் அவ்வாறு எண்ணப்பட்டார்கள். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் பெயருடன் வருகிறார்கள். விற்கும்போது பெயர் தேவைப்பட்டது, எண்ணும்போது தேவைப்படவில்லை.

முதுகலை மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. கிரயப் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது. அதே வடிவில் ஒரு பெண்ணையும் அவள் குழந்தையையும் எழுதியிருப்பார்கள் என்று எண்ணியபோது, தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. ஒரு பத்திரத்தில் தொடங்கி, அதிலிருந்து விலைத் தொடருக்கும், பிறகு பாரோவின் நாட்குறிப்புக்கும் செல்லலாம் என்றிருக்கிறேன். கூடுதலாக ஒரு கேள்வி: இத்துறையில் முனைவர் பட்டம் செய்ய விரும்பினால் எந்தத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

பொருளாதார வரலாறு கற்பிப்பவர்:

அமெரிக்காவில் பொருளாதார வரலாறு பெரும்பாலும் பொருளியல் துறைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே நுழைவதற்கு நுண்கணிதமும் புள்ளியியலும், பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளியல் அளவையியலும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வரலாற்று ஆர்வம் மட்டும் போதாது. வரலாற்றுத் துறைகளில் முதலாளித்துவ வரலாறு என்ற பெயரில் இதே கேள்விகளை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஆவணத்தைப் படிக்கும் திறனையும் எழுத்தையும் பார்ப்பார்கள். லண்டன் பொருளியல் பள்ளியில் பொருளாதார வரலாற்றுக்குத் தனித் துறையே உண்டு. உங்கள் பொருளியல் பின்னணிக்கு மூன்றும் திறந்தே இருக்கின்றன. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது பத்திரத்துடன் கூடுதல் நேரம் கழித்தீர்களா, விலைத் தொடருடன் கழித்தீர்களா என்று பார்த்த பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.