பார்டர் சுகர் 6.1ன்னு வந்திருக்கு, சோத்த நிறுத்தியே ஆகணுமா? டெல்டாக்காரங்க சொல்லுங்க

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாபநாசம் பக்கம், வயசு 41. ஹெல்த் செக்கப்ல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 6.1ன்னு வந்துச்சு, டாக்டரு இப்ப மாத்திரை வேணாம், சாப்பாட்ட மாத்துங்க, நடங்கன்னு மட்டும் சொன்னாரு. எங்கப்பாவுக்கு சுகர்ல கால் புண்ணு ஆறாம ரெண்டு வெரல எடுத்தாச்சு, அத கூட இருந்து பாத்தவன்ங்கறதால பயமா இருக்கு. வீட்ல காலைல இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, மூணும் அரிசிதான். ஒருத்தர் சப்பாத்திக்கு மாறுன்னு சொல்றாரு, ஒருத்தர் மாப்பிள்ளை சம்பாங்கற நாட்டு அரிசின்னா எவ்ளோ வேணாலும் சாப்டலாம்ங்கறாரு, காப்பிக்கு கருப்பட்டி போட்டா ஒண்ணும் பண்ணாதுங்கறாங்க. சொந்த நெல்லு வீட்ல கெடக்கறப்ப ஓட்ஸ் வாங்குனா அம்மாவுக்கு மனசு ஆறல. நம்ம ஊரு சாப்பாட்டுலயே என்ன பண்ணலாம்?

மன்னை அக்கா:
தம்பி, 5.7லேந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின கட்டம், 6.5ஓ அதுக்கு மேலயோ இருந்தாதான் சுகர்னு சொல்லுவாங்க. இப்ப புடிச்சா நிறுத்திடலாம், தள்ளி மட்டும் போடாதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கும் இதே கதைதான், சோத்த நிறுத்தல, தட்டு மாறிடுச்சு அவ்ளோதான். முன்னாடியெல்லாம் சோத்த குவிச்சு நடுவுல குழி பறிச்சு சாம்பார ஊத்துவேன், அப்பறம் ரசத்துக்கு ஒரு தடவ மோருக்கு ஒரு தடவன்னு திரும்பத் திரும்ப சோறு விழும். இப்ப வாழைத்தண்டோ கீரையோ அவரைக்காயோ, பொரியலும் கூட்டும் பாதி தட்ட அடைச்சு வெச்சுடுவேன், அதுல கொஞ்சம் உள்ள போனப்பறம்தான் சோறு, அதுவும் சாம்பாருக்கு மட்டும். ரசமும் மோரும் டம்ளர்ல. மொதல்ல முனகினாரு, இப்ப அவரே கேட்டு காய் வாங்கிட்டு வர்றாரு. ராத்திரிக்கு அரிசி மாவு தோசைக்கு பதிலா பச்சைப்பயறு ஊறவெச்சு அரைச்ச தோசை. சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்துல தெளிக்கிற பயறும் உளுந்தும் நம்ம வீட்லயே இருக்கு, அத மொத்தமா வித்துட்டு கடையில ஓட்ஸ் டப்பா எதுக்கு வாங்கணும்?

கருப்பட்டியும் நாட்டுச்சக்கரையும் ரத்தத்துல சேர்ந்தா சக்கரைதான், அதுல ஏமாறாதீங்க. காப்பிய சீனி இல்லாம குடிச்சுப் பழகுங்க, கொஞ்ச நாள்ல நாக்கு ஒத்துக்கும்.

பூண்டி விவசாயி:
அண்ணே, நான் திருத்துறைப்பூண்டி பக்கம், மாப்பிள்ளை சம்பா நானே போடுறேன், அதனால உரிமையோட சொல்றேன், அது நல்ல அரிசிதான் ஆனா எவ்ளோ வேணாலும் திங்கலாம்ங்கறது பொய். எந்த ரகமா இருந்தாலும் அரிசில பெரும்பகுதி மாவுச்சத்துதான். வித்தியாசம் வர்றது பாலிஷ்ல. வெள்ளையா வேணும்னு தீட்டத் தீட்ட தவிடு மாட்டுக்குப் போயிடுது, நார்ச்சத்தும் வைட்டமினும் அதோட போயிடும். மில்லுல தீட்டாம அரைச்சுத் தாங்கன்னு கேளுங்க. ஒரேடியா மூட்டை மூட்டையா அரைக்காதீங்க, தவிடு ஒட்டியிருக்கற அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டும் வரும். ராத்திரியே ஊறப்போட்டாதான் ஒழுங்கா வேகும்.

இன்னொண்ணு. எங்க தாத்தா மலையா சோறு தின்னாரு சுகர் வரலைன்னு சொல்லுவோம்ல, அவரு விடிகாலைலேந்து ஏர் ஓட்டுனாரு, நாத்துக்கட்டு தூக்குனாரு. இப்ப நடவுக்கும் மெஷினு அறுப்புக்கும் மெஷினு, நாம பைக்ல போயி வரப்புல நின்னு பாத்துட்டு வந்துடுறோம், சோத்தளவு மட்டும் தாத்தா அளவுலயே நிக்குது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி வேகமா நடக்கணும்ங்கறாங்க, ஆத்தங்கரை ரோட்ல சாயந்திரம் நடங்க, சாப்ட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் தெருவுலயே நடந்தாலும் சுகர் ஏறுறது கொறையும்.

ரிட்டயர்டு நர்ஸ் அம்மா:
தம்பிக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெத்தவ நான். சென்னை டாக்டருங்க பண்ண ஆராய்ச்சி ஒண்ணு 2006ல வந்துச்சு, உங்கள மாதிரி முந்தின கட்டத்துல இருந்த 531 பேரு. மூணு வருஷத்துல, தனி கவனிப்பு இல்லாதவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்கு சுகர் வந்துடுச்சு, சாப்பாடும் நடையும் மாத்துனவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்துச்சு, அதுவும் மாத்திரையே இல்லாம. இத நான் எல்லா வீட்லயும் சொல்லுவேன்.

எடைய விட இடுப்ப அளந்து பாருங்க, நம்ம ஆளுங்கள்ல ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டக்கூடாது. சுகரோட பிபியும் நெறைய பேருக்கு கூடவே வரும், அதனால உப்பையும் பாருங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். நம்மூர்ல உப்பு கொழம்புல மட்டும் இல்ல, அப்பளம், வத்தல், மோர்மொளகா, ஊறுகா, கருவாடுன்னு தட்டோரத்துல உக்காந்திருக்கு. வெத்தலையோட பொகையெல போடுற பழக்கம் வீட்ல யாருக்காவது இருந்தா தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க, பொகையெல இல்லாட்டியும் பாக்குலயே புத்துநோய் வரும், அந்த வாய்ப்புண்ண நான் நெறைய பாத்துட்டேன் தம்பி, தாங்க முடியாது.

அப்பாவுக்கு சுகர்ங்கறதால கூடப் பொறந்தவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாமயே பாப்பாங்க. அப்பாவுக்கு மாத்திரை வாங்க அலைய முடியலைன்னா 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டம் இருக்கு, வீட்டுக்கே கொண்டாந்து தருவாங்க, பேர பதிஞ்சுடுங்க. அவரு கால தெனமும் ராத்திரி நீங்களே தூக்கிப் பாருங்க, சுகர்ல கால் மரத்துப் போயிருந்தா அடிப்பாதத்துல வெடிப்போ கொப்பளமோ இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

குடமுருட்டிக்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், சொந்த நெல்லு போதும்னதும் அவங்களுக்கு நிம்மதி. ஒரே ஒரு சந்தேகம், சோறு கொறைச்சா சாயந்திரம் பசி தாங்காதே? நாலு மணிக்கு ஆபீஸ் வாசல்ல பஜ்ஜி வாசம் வேற.

மன்னை அக்கா:
காலைலயே கொண்டக்கடலையோ தட்டப்பயறோ வேகவெச்சு டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, ஒரு கைப்புடி நெலக்கடலையும் பரவால்ல. மத்தியானம் முட்டையோ மத்தி மீன் கொழம்போ சேத்துக்கிட்டா பசி தள்ளிப்போகும், மீன பொரிக்காதீங்க. ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட மூணு மாச சராசரிய காட்டும், அதுக்குள்ள அவசரப்பட்டு எடுக்காம அப்பறம் அதே லேப்லயே எடுத்துட்டு இங்க போடுங்க தம்பி.