விடுப்புக் கடிதத்துக்குப் பதிலே இல்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் 6 வருடமாக இருக்கிறேன். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஆண்டு விடுப்பில் 8 நாள் கேட்டு எழுதிக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. சூப்பர்வைசர் வாங்கி டிராயரில் போட்டார், அவ்வளவுதான். முடியாது என்றும் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. கேட்டால் "ஷிப்மென்ட் போகட்டும் தம்பி" என்கிறார். போன வருட விடுப்பும் இப்படித்தான் போனது.

20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு; முறைப்படி கேட்டு மறுத்தால் அந்த நாட்கள் அடுத்த வருடத்துக்குச் சேரும். சட்டம் இதுதான். ஆனால் மறுத்ததற்கு ஆதாரம் வேண்டுமே!

கடித நகலில் சீல் கேட்கலாமா, ஹெச்ஆருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாமா? இப்படிச் செய்து விடுப்பு வாங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பா இல்லை, பந்தக்கால் நடுவதிலிருந்து நான்தான் நிற்க வேண்டும்.